பாட்டுக்கு ஒரு பிடி: மீமும் வீடியோவும் செய்கிற வேலை

போன ஆவணியில் எங்கள் வீட்டுக் கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழுவினர் 'தொட்டுத் தொட்டு' பாட்டை எடுத்தார்கள். 1999-ல் வந்த 'எதிரும் புதிரும்' படத்துப் பாட்டு, வித்யாசாகர் இசை. பல்லவி தொடங்கியதுதான் தாமதம், மூன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளோடு ஏழெட்டுப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஓடிவந்து, சொல்லிவைத்தாற்போல ஒரே மாதிரி ஆடினார்கள். கை எங்கே போக வேண்டும், எந்த அடிக்குத் திரும்ப வேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அப்புறம் சரணம் வந்தது. பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி பாவாடையைச் சரிசெய்தாள். ஒரு பையன் கீபோர்டு வாசிப்பவரையே பார்த்துக்கொண்டு நின்றான். என் அக்கா மகள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து கால் ஆட்டினாள். மறுபடி பல்லவி வந்ததும் எல்லாரும் எழுந்து ஓடினார்கள்.

அந்தப் பாட்டு அவர்கள் பிறப்பதற்குப் பதினேழு பதினெட்டு வருடம் முன்னால் வந்தது. 2025 ஏப்ரலில் வெளியான 'குட் பேட் அக்லி' படத்தில் அதை மறுபடி ஒலிக்கவிட்டார்கள். பிரியா வாரியர் அதற்கு ஆடிய சில நொடிகள் ரீல்ஸில் வெட்டி ஒட்டப்பட்டு ஊரெல்லாம் சுற்றின. பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டு அந்தச் சில நொடிதான். மீதி நான்கு நிமிடம் அவர்கள் கேட்டதே இல்லை.

ஒரு பாட்டு எப்படி 'ஹிட்' ஆகிறது என்று கேட்டால் முன்பெல்லாம் பதில் சுலபம்: மெட்டு நன்றாக இருந்தது, வானொலியில் போட்டார்கள், வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சியில் காட்டினார்கள். இன்று இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நீங்களும் நானும் அந்தப் பாட்டை எடுத்து ஏதாவது செய்கிறோம். ஆடுகிறோம், வரிகளை மாற்றிப் பாடுகிறோம், வீட்டுப் பூனையின் வீடியோவுக்குப் பின்னால் ஓடவிடுகிறோம். பாட்டைப் பரப்புகிற வேலையில் பாதி கேட்பவர்கள் கைக்கு வந்துவிட்டது. இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் 'மீம்' என்ற சொல். வடிவேலு படமும் அதன்மேல் இரண்டு வரியும் இருந்தால் மீம் என்று நாம் பழகிவிட்டோம். அந்தச் சொல்லுக்கு வயது அதிகம். உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-ல் அதை உருவாக்கினார். 'போலச் செய்யப்படுவது' என்ற பொருள் கொண்ட ஒரு கிரேக்கச் சொல்லைச் சுருக்கி, 'ஜீன்' என்ற சொல்லோடு ஓசை பொருந்தும்படி 'மீம்' என்று வைத்தார். மரபணு உடலிலிருந்து உடலுக்குப் போவதுபோல ஒரு மெட்டோ, ஒரு சொலவடையோ, ஒரு பழக்கமோ ஆளைப் பார்த்து ஆள் செய்வதால் மனதிலிருந்து மனதுக்குப் போகிறது என்பது அவர் சொன்னது. இந்தப் பழைய பொருளை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றது எல்லாம் விளங்கிவிடும். மீம் என்பது போலச் செய்வது. செய்யும்போது கொஞ்சம் மாற்றியும் செய்வது.

போலச் செய்வதற்கு ஒரு பிடி வேண்டும். வாணலிக்குக் காது இருப்பதுபோல பாட்டுக்கும் தூக்கிப் போவதற்கு ஒரு காது வேண்டும். வீடியோ செய்கிற முக்கியமான வேலை அந்தக் காதை வைத்துக் கொடுப்பதுதான் என்பது என் எண்ணம். வெறும் ஒலியாக இருக்கும்போது பாட்டை முணுமுணுக்க மட்டும்தான் முடியும். அதற்கு ஒரு அசைவு, ஒரு முகபாவம், ஒரு சூழல் சேர்ந்தால் அதை எடுத்து நாமும் செய்து பார்க்கலாம்.

இதை மிகத் துல்லியமாகக் காட்டிய உதாரணம் 'ஹார்லெம் ஷேக்'. பாவர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் 2012 மே மாதம் வெளியிட்ட மின்னணு நடன இசை அது. மாதக்கணக்கில் பெரிய சத்தம் எதுவும் இல்லை. 2013 பிப்ரவரி தொடக்கத்தில் யூடியூபில் ஒருவர் அதற்கு நண்பர்களோடு கிறுக்குத்தனமாக ஆடி ஒரு வீடியோ போட்டார். அதைப் பார்த்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சில இளைஞர்கள் தங்கள் வீட்டு அறையில் ஒன்று எடுத்தார்கள். அவர்கள் செய்ததில்தான் வடிவம் உறுதியானது. கேமரா அசையாது. அறையில் நாலைந்து பேர் அவரவர் வேலையில் இருப்பார்கள். ஒருவர் மட்டும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு இடுப்பை ஆட்டிக்கொண்டிருப்பார், யாரும் அவரைக் கண்டுகொள்ள மாட்டார்கள். சுமார் பதினைந்து நொடி இப்படி. பேஸ் ஒலி திடுமென்று இறங்கும் இடத்தில் ஒரே ஒரு வெட்டு. அடுத்த காட்சியில் அதே அறை, அதே கேமரா, ஆனால் அத்தனை பேரும் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வெறிபிடித்ததுபோல ஆடுவார்கள். இன்னொரு பதினைந்து நொடி. முடிந்தது.

இதில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். ஆடத் தெரிய வேண்டியதில்லை. எடிட்டிங் என்றால் ஒரே ஒரு வெட்டு. மொழி கிடையாது. வகுப்பறை, அலுவலகம், நீச்சல் குளம், ராணுவ முகாம் என்று எந்த இடமும் பொருந்தும். இடம் மாறும்போதெல்லாம் நகைச்சுவை புதிதாகிறது. பார்ப்பவருக்கு வெட்டு எங்கே வரும் என்று தெரியும், வெட்டுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியாது. அந்தத் 'தெரியும், தெரியாது' இரண்டுக்கும் நடுவில்தான் சுவாரசியம். சில வாரங்களில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வீடியோக்கள் வந்து குவிந்தன.

நேரமும் கூடிவந்தது. அமெரிக்காவின் பில்போர்டு பாடல் வரிசை சரியாக அந்த மாதம்தான் யூடியூப் பார்வைகளையும் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது. உரிய ஒலியைப் பயன்படுத்திப் பொதுமக்கள் எடுத்த வீடியோக்களும் அதில் சேர்த்தி. முதல் வாரமே 'ஹார்லெம் ஷேக்' நேராக முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது, ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. அதற்குச் சில மாதம் முன்பு கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' பாட்டுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 2012 டிசம்பர் 21 அன்று யூடியூபில் முதன்முதலாக 100 கோடிப் பார்வை பெற்ற வீடியோ அது. ஆனாலும் பில்போர்டில் ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றுவிட்டது, முதலிடம் கிடைக்கவே இல்லை. வானொலி ஒலிபரப்புக்கும் விற்பனைக்கும் அப்போது எடை அதிகம், யூடியூப் பார்வைக்கு எடை இல்லை. எதை எண்ணுகிறோம் என்பதும் எது ஹிட் என்பதைத் தீர்மானிக்கிறது.

'கங்னம் ஸ்டைல்' தானே ஒரு நல்ல பாடம். கங்னம் என்பது சோல் நகரத்தின் வசதியான பகுதி. அங்கே வாழ்வதாகப் பாவனை செய்பவர்களைப் பற்றிய கிண்டல்தான் பாட்டு. கொரிய மொழி தெரியாதவர்களுக்கு இது ஒன்றும் புரிந்திருக்காது. புரிந்தது ஒன்றே ஒன்று: இல்லாத குதிரைமேல் ஏறி, கடிவாளத்தைப் பிடித்து ஓட்டுகிற அசைவு. ஐநா பொதுச் செயலாளராக இருந்த பான் கி மூன் கூட சையோடு நின்று அந்தக் குதிரையை ஓட்டிப் பார்த்தார். பாட்டின் பொருள் கொரியாவிலேயே தங்கிவிட, அதன் பிடி மட்டும் உலகம் சுற்றியது. 2014 டிசம்பரில் பார்வைகள் 2,147,483,647-ஐத் தாண்டின. 32 பிட் எண்ணியில் அடங்கும் உச்ச எண் அது. இதற்காகவே பெரிய எண்ணிக்கு மாறிக்கொண்டதாக யூடியூப் அறிவித்தது.

நம் பக்கத்தில் இந்தக் கதை 2011 நவம்பர் 16 அன்று தொடங்குகிறது. 'ஒய் திஸ் கொலவெறி டி'. படம் '3', அடுத்த வருடம் மார்ச் கடைசியில்தான் திரைக்கு வந்தது. இசையமைப்பாளர் அனிருத்துக்கு அப்போது 21 வயது, முதல் படம். பாட்டின் ஒரு கரட்டு வடிவம் முன்கூட்டியே இணையத்தில் கசிந்துவிட்டதால், ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த வீடியோவோடு அதிகாரபூர்வமாக வெளியிட்டார்கள். அந்த வீடியோவை இப்போது மறுபடி போட்டுப் பாருங்கள். செட் இல்லை, நடனம் இல்லை, படக்காட்சி இல்லை. தனுஷ் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்று பாடுகிறார், நடுநடுவே வாத்தியக்காரர்களிடம் பேசுவதுபோல ஏதோ சொல்கிறார். ஏதோ நண்பர்கள் கூடிய இடத்துக்குள் நாம் தற்செயலாக எட்டிப் பார்த்ததுபோல இருக்கும்.

அங்கேதான் பிடி இருந்தது. அந்தக் குரலும் அந்த ஆங்கிலமும் 'இது எனக்கும் வரும்' என்று சொல்லவைத்தன. சினிமாப் பாட்டு என்றால் தேர்ந்த குரல், தேர்ந்த சொல் என்று நாம் ஒதுங்கி நின்று கேட்டுப் பழகியவர்கள். இந்தப் பாட்டு அந்தக் கூச்சத்தை எடுத்துவிட்டது. கல்லூரி விடுதிகளில் அவரவர் அரியர், அவரவர் மெஸ் சாம்பார் என்று வரிகளை மாற்றிப் பாடினார்கள். வேற்று மொழிக்காரர்களும் பாடினார்கள், ஏனென்றால் அதில் தமிழ் தெரியாதவர்களை முக்கியமாகத் தடுக்குகிற சொல் 'கொலவெறி'தான், அதையும் அவர்கள் ஆசையாகக் கற்றுக்கொண்டார்கள். 'சூப் பாய்' என்பது பேச்சுவழக்கிலேயே ஏறிவிட்டது. பாட்டு ஓடிய ஓட்டம் படத்துக்கு அமையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீம் பாட்டைத்தான் தூக்கிக்கொண்டு போகும், கூடவே படத்தையும் தூக்கும் என்று உறுதி கிடையாது.

எல்லா வீடியோவும் இப்படிப் போலச் செய்வதற்கு என்று எடுக்கப்படுவதில்லை. 'ரவுடி பேபி' பாட்டில் பிரபுதேவா அமைத்த நடனத்தைச் சாய் பல்லவி ஆடுவதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்து மறுபடி பார்த்தார்கள். ஆடிப் பார்த்தவர்களும் உண்டு, ஆனாலும் முதன்மையாக அது பார்ப்பதற்கான வீடியோ. 2019 ஜனவரியில் வெளியாகி 2020 நவம்பர் 16 அன்று 100 கோடிப் பார்வையைத் தொட்டது. கொலவெறி வெளியான அதே தேதி, ஒன்பது வருடம் கழித்து. பார்த்து வியக்கிற வீடியோ எண்ணிக்கையை ஏற்றும், செய்து பார்க்கிற வீடியோ பாட்டைத் தெருவுக்குக் கொண்டுவரும். இரண்டும் ஒரே பாட்டில் அமைவது அபூர்வம்.

இன்று நடன இயக்குநர்கள் 'ஹூக் ஸ்டெப்' என்று, பாட்டுக்கு அடையாளமாக நிற்கும் ஒரு அசைவைத் தனியாக யோசிக்கிறார்கள். 'வாத்தி கம்மிங்' பாட்டில் தோளைக் குலுக்குகிற அந்த அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே செய்யலாம். கைப்பேசியின் ஒடுங்கிய நெட்டுச் சட்டத்துக்குள் அடங்கும். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் எந்தப் பாட்டு என்று தெரிந்துவிடும். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு டெஸ்ட் நடந்துகொண்டிருந்தபோது, ஃபீல்டிங்கில் நின்ற அஸ்வின் அதைச் செய்துகாட்டினார். டெஸ்ட் ஆட்டத்தின் நடுவில் செய்யக்கூடிய அளவுக்கு எளிமையான அசைவு என்றால், அடுப்படியில் நின்று யாராலும் செய்ய முடியும்.

சரி, ஒருவர் செய்கிறார், அதை எப்படி லட்சம் பேர் செய்கிறார்கள்? செயலியின் அமைப்பைப் பார்த்தால் தெரியும். ரீல்ஸ் பார்க்கும்போது கீழே பாட்டின் பெயர் சின்னதாக ஓடும். அதைத் தொட்டால் அந்த ஒலியை வைத்து மற்றவர்கள் எடுத்த வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். பக்கத்திலேயே 'இந்த ஒலியைப் பயன்படுத்து' என்று ஒரு பொத்தான். பார்ப்பவர் அடுத்த நிமிடமே செய்பவராக மாறுவதற்கு ஒரு தொடுதல் போதும். டிக்டாக் பழக்கிய முறை இது. 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது, ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. செயலி மாறியது, பழக்கம் அப்படியே தொடர்ந்தது.

இன்னொரு பக்கம் நம் மனம் வேலை செய்யும் விதம். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதே அதன்மேல் விருப்பத்தை வளர்க்கிறது என்று காட்டினார். காரணம் எதுவும் வேண்டாம், பரிச்சயம் போதும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வேடிக்கை, பின்னால் ஒரே பதினைந்து நொடி ஒலி. மூன்றாம் நாள் பாத்திரம் துலக்கும்போது அது தானாக வாயில் வருகிறது. பிடிக்காமல் ஆரம்பித்த பாட்டுகூடப் பழகிப்போய்விடும்.

அப்படியென்றால் எதை வேண்டுமானாலும் தள்ளி ஹிட் ஆக்கிவிடலாமா? இதற்கு ஓர் அருமையான பரிசோதனை இருக்கிறது. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்கச் சொன்னார்கள், பிடித்ததை இறக்கிக்கொள்ளலாம். ஒரு கூட்டத்துக்கு மற்றவர்கள் என்ன இறக்கினார்கள் என்று காட்டவில்லை. மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் பெரிய ஹிட் இன்னும் பெரிதானது, சின்னது இன்னும் சின்னதானது. அதைவிட முக்கியம், ஓர் உலகத்தில் ஜெயித்த பாட்டு இன்னோர் உலகத்திலும் ஜெயிக்கும் என்று இல்லை. மிக நல்ல பாட்டுகள் அடியோடு தோற்கவில்லை, மிக மோசமானவை பெரிதாக ஜெயிக்கவுமில்லை. நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்து முதலில் யார் எதை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எப்படியும் போனது. 'இந்தப் பாட்டு எப்படியும் ஓடியிருக்கும்' என்று பின்னால் சொல்கிறோமே, அதை இந்த ஆய்வைப் படித்ததிலிருந்து நான் சொல்வதில்லை.

பழைய பாட்டுக்கு மீம் மறுபிறவி கொடுப்பது தனிக் கதை. 'விக்ரம்' படத்தால் 'சக்கு சக்கு வத்திக்குச்சி', 'லியோ' படத்தால் 'கரு கரு கருப்பாயி', 'லப்பர் பந்து' படத்தால் விஜயகாந்தின் 'நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்' என்று வரிசையாக வந்தன. என்னை அதிகம் யோசிக்கவைத்தது 'கண்மணி அன்போடு காதலன்'. 1991-ல் 'குணா' படத்தில் அது மனம் பிறழ்ந்த ஒருவன் தன் அபிராமிக்குச் சொல்லும் காதல் கடிதம். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதிப் படிக்கிறாள், படிப்பது பாட்டாகிறது. 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் அதே பாட்டைக் கொடைக்கானலின் அதே குகைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. குழியில் விழுந்த நண்பனை இன்னொரு நண்பன் மேலே தூக்கிவரும் இடத்தில் பாட்டு ஒலித்தபோது, காதல் மனிதக் காதலைத் தாண்டியது என்கிற அந்த வசனம் நட்பைப் பற்றியதாக மாறிப்போனது. ஓர் எழுத்துகூட மாறவில்லை, படம்தான் மாறியது. அதற்குப் பிறகு ரீல்ஸில் பார்த்தால், நண்பர்கள் ஒருவரையொருவர் தோளில் சாய்த்துக்கொள்ளும் வீடியோவுக்கெல்லாம் அந்தப் பாட்டுதான். முப்பது வருடத்துக்கு மேல் காதலர்களுடையதாக இருந்த பாட்டு ஒரே மாதத்தில் நண்பர்களுடையதும் ஆனது. வீடியோ ஒரு பாட்டைப் பரப்புவதோடு நிற்பதில்லை, அதன் பொருளையே புதிதாக எழுதிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

பணம் எங்கே போகிறது என்றும் கேட்கலாம். யூடியூபில் 2007 முதல் 'கன்டென்ட் ஐடி' என்ற ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர் தன் பாட்டைக் கொடுத்துவைத்தால், அதன் ஒலி அடையாளம் கைரேகைபோலப் பதிவாகிவிடும். நீங்கள் ஏற்றும் வீடியோவில் அந்தப் பாட்டு ஓடினால் இயந்திரம் கண்டுபிடிக்கும். அதைத் தடுக்கலாமா, விட்டுவிட்டு விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாமா என்பதை உரிமையாளர் முடிவு செய்வார். 'ஹார்லெம் ஷேக்' விஷயத்தில் இசை நிறுவனம் விட்டுவிட்டது, அதனால்தான் அத்தனை வீடியோக்களும் நிலைத்தன, வருமானமும் வந்தது. ஆனால் உரிமையாளர் யார் என்பதே எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. 'கண்மணி அன்போடு' பாட்டுக்காக இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது, இசை நிறுவனத்திடம் உரிமை வாங்கியதாகப் படக்குழு சொன்னது. பாட்டு எவ்வளவு பரவினாலும் அதைப் படைத்தவருக்கு என்ன கிடைத்தது என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வியாகவே இருக்கிறது. எனக்கு இது வருத்தம்தான்.

இன்னொரு வருத்தமும் உண்டு, அது பிள்ளைகள் நின்றுபோன அந்தச் சரணம். பதினைந்து நொடிக்குப் பிடி வைத்தால் மீதிப் பாட்டு கைப்படாமல் கிடக்கிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இடையிசை, இரண்டாம் சரணத்தில் பாடகர் எடுக்கிற ஒரு சின்னச் சங்கதி, இதற்கெல்லாம் ரீல்ஸில் இடமில்லை.

வரவேற்பு முடிந்து காரில் வரும்போது அக்கா மகளுக்காக அந்தப் பாட்டை முழுசாகப் போட்டேன். பல்லவிக்கு உட்கார்ந்தபடியே கையை ஆட்டினாள். சரணம் வந்ததும், "மாமா, பாட்டு மாறிடுச்சு" என்றாள்.

"இல்லடா, அதே பாட்டுதான். கேளு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தாம்பரம் தாண்டியபோது முன் சீட்டுக்கு எட்டி, "மாமா, அந்த நடுவுல வர்றது மட்டும் இன்னொரு தடவை" என்றாள்.